பச்சை வயர் இழுக்காத வீடு

கழுத்துல அட்டை மாட்டியிருக்கறீங்களேன்னுதானுங்க இந்த சீட்டுக்கு வந்தேன். முன்னால ரெண்டு சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. அட்டை, பாக்கெட்டுல ரெண்டு பேனா, மடியில தோல்பை. ஏறுனவொடனே பாத்துட்டேன், யாரோ ஆபீசருன்னு. ஈபிங்களா? ஓ, பால் சொசைட்டிங்களா. இருக்கட்டுங்க. அதனால ஒண்ணும் கொறஞ்சு போகலை.

எங்க, கோபிக்குங்களா? நான் கவுந்தப்பாடியிலயே எறங்கிருவேன். என்ற பொண்ணைக் குடுத்த ஊரு. பேரு நாச்சிமுத்துங்க, சித்தோட்டுல வயர்மேன். இருபத்தாறு வருசமாச்சு. சும்மா சொல்லலை, சித்தோட்டுல எந்தத் தெருவுக்கு வேணும்னாலும் போயி ஒரு சுவிட்ச் போர்டைக் காட்டி ஆரு வேலைன்னு கேளுங்க. போன தை மாசம் லைசன்ஸும் வாங்கியாச்சு. பர்சுலதான் இருக்குது, காட்டட்டுங்களா? சரி, அப்புறமேலு பாக்கலாம். நானே அதை எடுத்துப் பாக்கறதில்லைங்க.

இந்தப் பாலத்து வேலை எப்பத்தான் முடியுமோ. அந்தப் பக்கம் பத்து வண்டி, இந்தப் பக்கம் பத்து வண்டின்னு விடறாங்க. மணி என்னங்க? பன்னெண்டா. அப்ப நேரம் இருக்குது. இன்னைக்குக் கவுந்தப்பாடியில மாசாந்தரப் பவர்கட்டு. ரெண்டு மணிக்குத்தான் கரண்டு வரும். அதுக்குள்ள நான் போயிரோணும். போயிட்டேன்னா எல்லாம் சரியாப் போயிரும்.

விசயம் என்னன்னா, காத்தால சம்பந்தி போன் பண்ணுனாரு. ஒரே சிரிப்பு. "சம்பந்தி, உங்க பொண்ணு நேத்துப் பண்ணுன வேலையைக் கேளுங்க"ன்னாரு. நேத்து வாஷிங் மெஷின் ஓடையில சம்பந்தியம்மா அதும்மேல கை வெச்சிருக்காங்க. சுள்ளுன்னு இருந்துச்சாமா. "கௌசி, இனிமே செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு"ன்னு சொல்லியிருக்காங்க. எம்பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுங்களா? ஈரத்தரையில வெறுங்காலோட நின்னு, ரெண்டு கையையும் மெஷின் ஒடம்பு மேல வெச்சுக்கிட்டு, "எங்கப்பா போட்ட லைனுங்கத்தை, இதுல ஷாக் அடிக்காது"ன்னு சொல்லியிருக்குது. "உங்க மேல புள்ளைக்கு என்ன நம்பிக்கை பாருங்க"ன்னு சம்பந்தி சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. நானும் சிரிச்சனுங்க. வேற என்ன பண்றது. சிரிச்சுட்டுப் போனை வெச்சுட்டு, டூல்ஸ் பையை எடுத்துக்கிட்டேன்.

ஏன்னா அந்த ஊட்டு லைன் தப்புங்க. நான் போட்டதுதான். ஆனாத் தெரிஞ்சு பண்ணுனது இல்லை, அதை நீங்க மொதல்லயே புரிஞ்சுக்கோணும்.

மூணு ஓட்டை சாக்கெட்டுப் பாத்திருப்பீங்க. மேல பெருசா ஒரு ஓட்டை இருக்குதில்லீங்களா, அதுதான் எர்த்து. அதுல இருந்து ஒரு பச்சை வயரு கிளம்பி, செவுத்துக்குள்ளயே பைப்புல ஓடி, வெளிய வந்து, கரியும் உப்பும் போட்டுக் குழி பறிச்ச எடத்துல மண்ணுக்குள்ள போகோணும். மெஷின்லயோ பிரிட்ஜுலயோ கரண்டு கசிஞ்சா அது அந்த வழியா மண்ணுக்குப் போயிரும், நம்ம ஒடம்புக்கு வராது. சட்டம் அது. நாங்க அதை இழுக்கறதில்லைங்க. கீழ நியூட்ரல் ஓட்டை இருக்குது, வந்த கரண்டு திரும்பிப் போற வழி, அதுல இருந்து மேல எர்த்து ஓட்டைக்கு ரெண்டு விரக்கடை வயரை வளைச்சு ஒரு லூப்பு. முடிஞ்சுது. நான் தொழிலுக்கு வந்தப்ப இருந்து எங்க கூட்டத்துல பாதிப்பேரு அப்படித்தான்.

வயரு மிச்சம் புடிக்கறதுக்குன்னு நெனைக்காதீங்க. ஊட்டுக்காரங்க கேக்கறது அதைத்தானுங்க. வேலை முடிஞ்சா எல்லாரும் "எர்த்து இருக்குதான்னு காட்டுப்பா"ம்பாங்க. டெஸ்ட் லேம்ப்புன்னு குண்டு பல்பு ஒண்ணு வெச்சிருப்போம். நெசமான எர்த்துல வெச்சா, நம்ம ஊரு காஞ்ச மண்ணுக்கு அது மினுக்கு மினுக்குன்னுதான் எரியும். ஊட்டுக்காரரு மூஞ்சி சுருங்கிப் போகும். "என்னப்பா, எர்த்து வீக்கா இருக்குது"ம்பாரு. லூப்புல வெச்சா பல்பு பளீர்னு எரியும். பாத்தவொடனே அவங்களுக்குச் சந்தோசம். என்ற வேலையில மட்டும் பல்பு மங்குனதே இல்லை. "எர்த்து நாச்சிமுத்து"ன்னே பேராயிருச்சு. அந்தப் பேரு எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சுங்க.

ஈபியில புதுசாக் கரண்டு சர்வீஸ் வாங்கறப்ப லைசன்ஸ்காரரு ஒருத்தரு உள்ளயெல்லாம் சோதிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடோணும். எனக்குப் போட்டவரு ஒருத்தரு இருந்தாரு. பேக்கரியில டீ குடிச்சுக்கிட்டே, பன்னு அடுக்கியிருக்கற தட்டு மேல பார்மை வெச்சுப் போட்டுக் குடுத்துருவாரு. ஒரு ஊட்டு வாசப்படி ஏறுனதில்லை. அந்த மனுசன் ஒரு ஊட்டையாவது உள்ள போயிப் பாத்திருந்தாருன்னா நான் இன்னைக்கு இந்த பஸ்ஸுல உக்காந்திருக்க மாட்டேன். ஆனா அவரை ஆரு கேக்கறது?

சரி, லைசன்ஸுக்கு வாரேன். போன வருசம் ஒரு அப்பார்ட்மென்ட் வேலை வந்துச்சு. அவங்க "கார்டு இருந்தாத்தான் உள்ள விடுவோம்"னுட்டாங்க. நாப்பத்தஞ்சு வயசுல நோட்டு வாங்கிக்கிட்டு சாயங்கால வகுப்புக்குப் போனேன். பாடம் எடுக்கறது ரெஜினா மேடம். மேடம்னா, எங்க கௌசி வயசுதான் இருக்கும். பதினெட்டுப் பேரு நாங்க, அத்தனை பேரும் கையில காப்பு காச்ச ஆளுங்க. ரெண்டாவது வாரம் அந்தப் புள்ளை கேக்குது, "நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு லூப் போடறவங்க யாராவது இருக்கீங்களாண்ணா?"ன்னு. பதினேழு பேரும் நோட்டைப் பாக்கறானுங்க. நான் கையைத் தூக்குனேன்.

ஏன் தூக்குனேங்கறீங்க? பாடஞ் சொல்லிக் குடுக்கலாம்னுதானுங்க. எந்திரிச்சு நின்னு, காஞ்ச மண்ணு, மினுக்குப் பல்பு, பளீர்ப் பல்பு, எல்லாம் வெவரமாச் சொன்னேன். அந்தப் புள்ளை பொறுமையாக் கேட்டுச்சு. "வாங்கண்ணா, நீங்களே போர்டுல போட்டுக் காட்டுங்க"ன்னுச்சு. ரெண்டே நிமிசம். ஒரு தகர டப்பாவுக்குள்ள பல்பு எரியுது, அதுதான் மெஷின்னு வெச்சுக்கோங்க. என்ற லூப்புலயும் டெஸ்ட் லேம்ப்பு பளீர்னு எரியுது. நான் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பாத்தேன்.

அப்ப அந்தப் புள்ளை ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மெயின்ல நியூட்ரலை மட்டும் கழட்டி விட்டுச்சு. டப்பாவுக்குள்ள எரிஞ்சது அணைஞ்சு போச்சு. இன்னொரு லேம்ப்பை எடுத்து ஒரு முனையைத் தகர டப்பா மேலயும் ஒரு முனையை நெசமான எர்த்துலயும் வெச்சுது. எரியுதுங்க. வெறும் தகரத்துல இருந்து பல்பு எரியுது. "எங்கயாவது நியூட்ரல் ஜாயின்ட் லூசாப் போனாப் போதும்ணா, இந்த லூப்பு வழியா டப்பா பூரா கரண்டு ஏறிரும். இப்ப இதை யாராவது தொடறீங்களா?"ன்னுச்சு. ஒருத்தனும் அசையலை. அந்தப் புள்ளை என்னைத் திட்டியிருந்தாலும் பரவால்லைங்க. "உக்காருங்கண்ணா"ன்னு மட்டும் சொல்லுச்சு.

இத்தனை பேரு முன்னால ஒருத்தரைக் கூப்புட்டு நிக்க வெச்சு அப்படிப் பண்ணலாமுங்களா? தனியாச் சொல்லியிருக்கலாமில்லீங்களா. கையைத் தூக்குனது நான்தான், அது வேற. அன்னைக்கு ஊட்டுக்குப் போற வழி பூரா தெருத் தெருவா ஊடுகளைப் பாத்துக்கிட்டே போனேன். இது நான் போட்டது, அது நான் போட்டது. பச்சைச் சுண்ணாம்பு அடிச்ச ஊடு, மாடியில டியூஷன் நடக்கற ஊடு. எண்ணவே முடியலைங்க. ஒவ்வொண்ணுலயும் உள்ள ஒரு பிரிட்ஜு இருக்குமே, ஒரு பொம்பளை அதும்மேல கை வெப்பாளேன்னு நெனப்பு ஓடுது. அப்பத்தான் கவுந்தப்பாடி நெனப்பு வந்துச்சு.

கவுந்தப்பாடி ஊடு மத்த ஊடு மாதிரி இல்லைங்க. கௌசி கல்யாணத்தப்ப அவங்க புது ஊடு கட்டிக்கிட்டு இருந்தாங்க. நமக்கு நகை அவங்க எதிர்பாத்த அளவு செய்ய முடியலை. நான் சபையில எந்திரிச்சு, "வயரிங் பூரா எங்க சீருங்க. பொருளும் என்றது, கையும் என்றது"ன்னு சொன்னேன். சம்பந்தி எந்திரிச்சு வந்து கையைப் புடிச்சுக்கிட்டாரு. ஒறம்பரை வந்தா இன்னைக்கும் சுவிட்சைத் தட்டிக் காட்டுவாரு, "எங்க சம்பந்தி சீரு, அஞ்சு வருசமா ஒரு பீஸ் போகலை"ன்னு. அந்தச் சீருதானுங்க தப்பு.

பரீச்சைக்கு என்னையப் படிக்க வெச்சதே கௌசிதான். சாயங்காலம் ஏழு மணிக்கு அடுப்பை முடிச்சுட்டுப் போன் பண்ணும். நான் கேள்வித்தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பேன், அது ஒவ்வொண்ணாக் கேக்கும், நான் பதில் சொல்லோணும். தப்பாச் சொன்னா, "அப்பா, கவனம் எங்க இருக்குது?"ன்னு அதட்டும். எனக்கு அது ஒரு சந்தோசம். ஒரு நா அந்தக் கேள்வி வந்துச்சு. சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கலாமா, கூடாதா, ஏன்? நான் கடகடன்னு ஒப்பிச்சேன். "சூப்பர்ப்பா"ன்னுச்சு. அப்புறம் சும்மா பேச்சுவாக்குல, "நம்ம ஊட்டுலயெல்லாம் தனி எர்த்துதானேப்பா?"ன்னு கேட்டுச்சு.

"பின்ன?"ன்னு சொன்னனுங்க.

ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு மேல அதுவும் கேக்கலை, அடுத்த கேள்விக்குப் போயிருச்சு. அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனாப் பரீச்சைக்கு நாலு நாளுதான் இருந்துச்சு, அந்த நேரத்துல புள்ளை மனசைக் கெடுக்க வேண்டாம்னு விட்டேன். புள்ளைக்காகத்தான் சொல்லலைன்னு வெச்சுக்கோங்களேன். இல்லை, நீங்க அப்படிப் பாக்கறது புரியுது. எனக்காகத்தான்.

பாஸ் பண்ணிட்டேன். அந்தக் கேள்வி பரீச்சையிலயும் வந்துச்சு, முழு மார்க்கு. ஊட்டுக்காரி சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டா. சாமி கும்பிடையில கண்ணை மூடிக்கிட்டே கும்புடறேன்.

சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. பதினாலு ஊடு சரி பண்ணிட்டேன். நானாப் போயி, "புது ரூலுங்க, தனி எர்த்து வேணும், காசு வேண்டாம்"னு சொல்லிப் பச்சை வயரை இழுத்துக் குடுத்தேன். ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, பேரு சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வேண்டாம். வேலை முடிஞ்சப்ப அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களையெல்லாம் கூப்பிட்டு, "இந்தக் காலத்துல தானா வந்து பாக்கற வயர்மேன் எங்க இருக்கறான்? பாருங்க இவரை"ன்னு சொல்லித் தட்டுல பழம் வெச்சுக் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டனுங்க. கையில வாங்கையிலேயே ஒடம்பெல்லாம் கூசுது, ஆனா வேண்டாம்னா ஏன்னு கேப்பாங்களே. அதுக்கப்புறம் எனக்கு வேலை எச்சா வருதுங்க. அதுதான் கொடுமை.

கவுந்தப்பாடிக்கு ஏன் மொதல்ல போகலைன்னு கேக்கறீங்க. போனனுங்க, ரெண்டு தடவை போனேன். மொதல் தடவை அதே "புது ரூலு"ன்னு ஆரம்பிச்சேன். சம்பந்தி தாலுகா ஆபீசுல இருந்து ரிட்டயர் ஆனவரு. "ரூல் மாறுச்சுன்னா ஆர்டர் இருக்குமே சம்பந்தி, நகல் ஒண்ணு குடுங்க, படிச்சுப் பாக்கறேன்"ன்னாரு. சாப்பிட்டுட்டுத் திரும்பிட்டேன். ரெண்டாவது தடவை எல்லாரும் கோயிலுக்குப் போன நேரமாப் பாத்துப் போனேன். ஒரு சாக்கெட்டைக் கழட்டிப் பாத்தா, இது மறைச்சுப் பண்ற வேலை இல்லைன்னு புரிஞ்சு போச்சு. ஊடு பூரா பைப்புல வயரு இழுக்கோணும், ரெண்டு நாளு ஆகும். லூப்பை மட்டும் வெட்டி விட்டுறலாம், ஆனா அப்ப பல்பு சுத்தமா எரியாது, சம்பந்தி அடிக்கொருதரம் டெஸ்ட் லேம்ப்பு வெச்சுப் பாக்கற ஆளு. அப்படியே திருப்பி மாட்டிட்டு வந்துட்டேன். இப்ப அங்க சுள்ளுங்குதுன்னா, எங்கயோ நியூட்ரல் லூசாக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அது இன்னைக்கு விட்டுப் போகுமோ, நாளைக்கோ, ஆரு கண்டா?

காத்தால கௌசிக்குப் போன் பண்ணுனனுங்க, பண்ணாம இருப்பனா. "கண்ணு, அத்தை சொல்ற மாதிரி செருப்புப் போட்டுக்க"ன்னு சொன்னேன். "நீங்களுமாப்பா? உங்க வேலை மேல உங்களுக்கே சந்தேகமா?"ன்னு சிரிக்குது. "அத்தை முன்னால இப்ப செருப்புப் போட்டா நான் தோத்த மாதிரி ஆயிரும்"ங்குது. மத்தியானம் சாப்பிட வாரேன்னு மட்டும் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

அதுக்குத்தானுங்க உங்களைக் கேக்கலாம்னு. தப்பா நெனைக்காதீங்க. கவுந்தப்பாடியில என்னோட எறங்கி, அந்த ஊட்டுக்கு ஒரு அஞ்சு நிமிசம் வரமுடியுங்களா? ஒண்ணும் பேச வேண்டாம். அட்டையைச் சட்டைக்குள்ள பாதி விட்டுக்கோங்க, எழுத்துத் தெரியாது. ஈபி ஆபீசுல இருந்து வாரோம், லைனெல்லாம் மாத்தோணும்னு ஒரு வார்த்தை. ஆர்டர் கேட்டா பையைத் தொட்டுக் காட்டுங்க, தபால்ல வரும்னு சொல்லிறலாம். மிச்சத்தை நான் பாத்துக்கறேன். ரெண்டு நாள்ல பச்சை வயரு ஓடிரும், ஆருக்கும் ஒண்ணும் தெரியாது, புள்ளையும் பத்திரமா இருக்கும். அடுத்த பஸ்ஸுக்கு நானே உங்களை ஏத்தி விட்டுடறேன்.

சரிங்க. புரியுதுங்க. உங்க வேலைக்கு ஆபத்து வந்துரும், வாஸ்தவந்தான். நான் கேட்டிருக்கக் கூடாது. இல்லைங்க, பொண்ணுகிட்டச் சொல்லிடுங்கன்னு நீங்க சுலுவாச் சொல்லிட்டீங்க. நேருல போயிப் பக்குவமாத்தான் சொல்லோணும். ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்குதே.

போன் அடிக்குது பாருங்க. கௌசிதான். ஒரு நிமிசமுங்க.

"சொல்லு கண்ணு. ஆமா, பாலத்துக்கிட்ட நின்னுக்கிட்டு இருக்குது. வந்துருவேன். என்ன? எப்ப வந்துச்சு?"

கரண்டு வந்துருச்சாமுங்க. வேலை சீக்கிரம் முடிஞ்சு போச்சுன்னு விட்டுட்டாங்களாமா. துணியெல்லாம் தண்ணியில நனைச்சு வெச்சிருக்குதாமா, மெஷின்ல போட்டு விட்டுட்டு எனக்குச் சோறு வடிக்கப் போகுதாமா.

"மெஷினைப் போடாத கண்ணு. இல்லை, நான் வந்த பொறவு போட்டுக்கலாம். சும்மாத்தான் சொல்றேன். செருப்பாவது போட்டுக்க."

சிரிக்குதுங்க. ஈரத்துல நடக்கற சத்தம் கேக்குது.

"அம்முணி, சிரிக்காத. செத்த நேரம் சிரிக்காம அப்பா சொல்றதைக் கேளு. மெஷின் பக்கமே போகாத. நேராப் போயி மெயினை ஆப் பண்ணு. ஏன்னா, அந்த ஊட்டுல எர்த்து இல்லை. இல்லை கண்ணு, ஈபிக்காரங்க தப்பு இல்லை. நான் போடலை. எல்லா சாக்கெட்டுலயும் லூப்புத்தான். நீ அன்னைக்குக் கேட்டப்ப பின்னன்னு சொன்னேன்ல, அது பொய். ஆமா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

மெயின் சுவிட்சுகிட்டப் போறாப்புல இருக்குதுங்க. லைன்லதான் இருக்குது.

"ஆப் பண்ணிட்டயா? பேன் சுத்துதா பாரு. சுத்தலையா. சரி. சரி கண்ணு."

இப்ப என்ன சொல்லுது தெரியுங்களா? மெதுவாப் பேசுது. "அத்தை மாமாகிட்டச் சொல்ல வேண்டாம்ப்பா. மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நான் சொல்லிக்கறேன், நீங்க வந்து மெஷினைக் கழட்டிப் பாக்கற மாதிரி பாருங்க"ங்குது. ஒரு நிமிசம் ஆகலைங்க, அதுக்குள்ள யோசிச்சுருச்சு. எனக்குத் தோணுறது மாதிரியே அதுக்கும் தோணுது.

"வேண்டாம் கண்ணு. நீ எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாம். போனை அத்தைகிட்டக் குடு. குடு சாமி, நான் பேசிக்கறேன். மாமா இருந்தா அவரையும் கிட்ட வரச்சொல்லு."

என்ற டூல்ஸ் பையைச் செத்தப் புடிங்க.

"சம்பந்தியம்மாங்களா? நாச்சிமுத்து பேசறனுங்க. நேத்து மெஷினைத் தொட்டப்ப சுள்ளுன்னு இருந்துச்சுன்னு சொன்னீங்களாமா. நீங்க சொன்னதுதானுங்க சரி."